வலிப்பில்லாக் கடற்கரை

ராமநாதபுரத்தில் வலிப்பு உணர்தல் மற்றும் அறிவித்தல் சிறப்பு மையம் திறக்கப்படுவதற்கு முன்னால், வீட்டில் யாருக்காவது வலிப்பு வந்தால் ஜனங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய், வலிப்பு வந்தது என்று சொல்லிவிடுவார்கள். டாக்டரும் கேட்டுக்கொள்வார். இதில் எந்த ஒழுங்கும் இருந்ததில்லை.

மையத்தைத் திறந்த அன்று அதன் இயக்குநர் டாக்டர் பூமிநாதன் பேசினார்.

"வலிப்பைப் பார்த்தவுடன் அடையாளம் காணும் திறன் நம் மக்களிடம் மிகக் குறைவு என்று ஆய்வு சொல்கிறது. அடையாளம் கண்டாலும் சரியாக எடுத்துச் சொல்வதில்லை. ஆகவே, மக்கள் சொல்வதை அப்படியே கேட்டுக்கொள்ளும் பழக்கத்தை இன்றோடு நிறுத்துகிறோம்."

எல்லோரும் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் நின்றிருந்த பிரெசில்லாவும் தட்டினாள். டாக்டர் சொன்னது அவளுக்குச் சரியாகவே பட்டது. மற்றவர்களைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

பிரெசில்லாவின் புருஷன் கிளாட்சன் தங்கச்சிமடத்தில் விசைப்படகு டிரைவர். போன வருஷம் மீன் ஏலம் நடக்கிற இடத்தில் விழுந்து, கைகால் வெட்டி இழுத்தது. ஊரே பார்த்தது. படகு முதலாளி யாக்கோபு, "வலிப்பு இல்லேன்னு டாக்டர் எழுதிக் குடுக்கட்டும், அப்பறம் வீலைத் தாரேன்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கிளாட்சன் கரையில் உட்கார்ந்து கிழிந்த வலை பொத்துகிறார். மாத்திரை சாப்பிடுகிறார். அதன்பிறகு விழவில்லை.

ஆனால் வேறொன்று அதற்கு முன்னாலிருந்தே வந்துகொண்டிருந்தது. பேசிக்கொண்டிருப்பவர் நடுவில் நிறுத்திவிடுவார். கண் திறந்திருக்கும், உள்ளே ஆள் இருக்க மாட்டார். வாய் எதையோ மெல்லும். வலது கை சட்டைப் பொத்தானைத் தேடித் தடவும். தலை மெதுவாக வலப்பக்கம் திரும்பும். ஒரு அருள்நிறை மரியே ஜெபம் சொல்லி முடிக்கிற நேரம். சில நாள் இரண்டு. பிறகு திரும்பி வந்து, விட்ட இடத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் பேச்சைத் தொடர்வார்.

அவர் திரும்பி வரும்போது பிரெசில்லாவுக்கு முதலில் வருவது கோபம்தான். சொல்லிக்கொள்ளாமல் வெளியூர் போய் வந்த ஆளைப் பார்த்தால் வருகிற கோபம். பயம் அதற்குப் பிறகுதான் வரும். அவர் சும்மா யோசித்துக்கொண்டிருந்தாலும் "என்னங்க" என்று கூப்பிட்டுவிடுவாள்.

"என்னடி, ஒரு மனுசன் நிம்மதியா யோசிக்கக் கூடாதா?"

"யோசிங்க. பதில் சொல்லிட்டு யோசிங்க."

இப்படிப் பார்த்துப் பார்த்து அவளுக்கு வேறு ஒன்றும் தெரிய ஆரம்பித்திருந்தது. வலிப்பில்லாதவர்களும் பாதி நேரம் இருக்கிற இடத்தில் இருப்பதில்லை. பூசை வைக்கிற சாமியார், மீன் நிறுக்கிறவன், பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவள் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் போய்ப் போய் வந்தார்கள். யார் திரும்பி வருவார், யார் வரமாட்டார் என்று கண்டுபிடிப்பதே தன் வேலையாகிவிட்டதோ என்று அவளுக்குத் தோன்றியது. அதற்கு ஒரு நாளும் லீவு இல்லை.

கரையில் இது தாங்கக்கூடிய தொல்லை. படகில் அப்படியில்லை. பாக் நீரிணையில் வீலைப் பிடித்தவர் கொஞ்ச நேரம் தன்னை மறந்து வலப்பக்கம் திருப்பினால் அடுத்த நாட்டுக் கடல் வந்துவிடும். அப்படிப் போய்ப் பிடிபட்டவர்களில் பலர் படகை அங்கேயே விட்டுவிட்டு, பல மாதம் கழித்துத்தான் வீடு வந்தார்கள்.

கிளாட்சனோடு கடலுக்குப் போய்வந்தவர்களுக்கு இது விளங்கவில்லை. அவர்கள் இதை வலிப்பாகவே நினைக்கவில்லை. அண்ணன் நீவாடு பார்க்கிறார் என்று நினைத்தார்கள். நீவாடு என்றால் தண்ணீருக்கடியில் ஓடும் ஓட்டம். மீன் அதன் போக்கில் போகும். கிளாட்சன் பேச்சை நிறுத்தி, வாயை மென்று, தலையைத் திருப்புகிற பக்கத்தில் வலை போட்டால் இறால் ஏறும் என்பது அவர்கள் வருஷக்கணக்காகக் கண்டது. ஏறாத நாளை அவர்கள் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

"அண்ணன் வராமப் படகே குருடாப் போச்சு மதினி" என்பான் சகாயவினோத். படகில் அடுத்த ஆள் அவன்தான். "எஞ்சின் இருக்கு, ஜிபிஎஸ் இருக்கு. நீவாடு பாக்க ஆளில்ல."

"ஏலே, அது நீவாடு இல்லடா. வலிப்பு."

"வலிப்புன்னா நொரை தள்ளணும்ல மதினி? அண்ணனுக்கு ஒரு சொட்டு எச்சி வராது."

இந்த விஷயத்தில் மையத்தின் கருத்தும் சகாயவினோத்தின் கருத்தும் ஒன்றுதான் என்று பிரெசில்லாவுக்குப் பிறகுதான் தெரிந்தது.

மையத்தின் ஒருங்கிணைப்பாளர் கனகலட்சுமி நல்ல மாதிரி. எல்லோரையும் உட்காரச் சொல்லித்தான் பேசுவார். அவருடைய நாற்காலிக்குப் பின்னால், 'நோயாளியின் குரலுக்கே முதலிடம்' என்று பெரிய எழுத்தில் இருந்தது.

"ஐயா, போன மாசத்துல உங்களுக்கு எத்தனை தடவை நினைவு தப்புச்சு?"

கிளாட்சன் நேர்மையானவர். நன்றாக யோசித்தார். "எனக்கு ஞாபகமில்லையே மேடம்."

"ஞாபகமில்லை." கனகலட்சுமி கம்ப்யூட்டரில் தட்டினார். "பூஜ்யம்."

"மேடம், வந்துச்சு மேடம்" என்றாள் பிரெசில்லா. "நான் பாத்தேன். ஞாயித்துக்கிழமை கூட கோயில்ல வந்துச்சு."

"வலிப்பு உங்களுக்கா வந்துச்சு?"

"இல்ல, அவருக்கு."

"அப்ப அவர்தானம்மா சொல்லணும். இத்தனை வருஷம் நோயாளி இருக்கும்போதே கூட வந்தவங்க பேசினாங்க. அந்த அநியாயத்த நிறுத்தத்தான இந்த மையம்?"

கிளாட்சன் மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வெற்றி எதுவும் இல்லை. கொஞ்சம் பரிதாபம் இருந்தது. தனக்கு ஒன்றுமில்லை என்று அவர் உண்மையாகவே நம்பினார். அவர் இல்லாத நேரங்களில் நடந்ததை அவர் எப்படி நம்புவார்? பூஜ்யம் என்பதால் மாத்திரையைக் குறைத்துக் கொடுத்தார்கள்.

கூட இருப்பவர்களை மையம் ஒரேயடியாக ஒதுக்கிவிடவில்லை. அவர்களுக்குப் பயிற்சி வைத்தது. பயிற்சியில் பிரெசில்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது திருவாடானைப் பக்கமிருந்து வந்த குல்சும். அவளுடைய மகள் சுஹாவுக்கு வலிப்பு.

"நானும் வந்து சொல்லிட்டுத்தான் போறேன் புள்ள" என்றாள் குல்சும். "எவ்வளவு நேரம் இழுத்துச்சுன்னு கேட்டாக. மூணு தடவ ஆயத்துல் குர்ஸி ஓதுற நேரம்னேன். அது செல்லாதாம்."

"ஏனாம்?"

"அரசாங்க மையமாம். மதச்சார்பில்லாத அளவுலதான் சொல்லணுமாம். புள்ள கையில துடிக்கிறப்ப நான் கடியாரத்த எங்கன போய்ப் பாக்க? எனக்கு வாயில வந்தது அல்லாவோட பேருதான்."

தான் அருள்நிறை மரியே கணக்கைச் சொல்லாமல் விட்டது நல்லது என்று பிரெசில்லா நினைத்துக்கொண்டாள்.

பயிற்சியின் முக்கியமான பகுதி செய்முறை விளக்கம். கனகலட்சுமியே வலிப்பு வந்தவராக நடித்துக் காட்டினார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கத்துக் கத்தி, விரித்திருந்த பாயில் சரியாக நடுவில் விழுந்தார். கைகால் வெட்டியது. வாயில் ஒதுக்கியிருந்த சோப்பு நுரை பதமாக வெளியே வந்தது. டாக்டர் பூமிநாதன் குச்சியால் ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டினார். "இது சத்தம். இது விழுதல். இது வெட்டுதல். இது நுரை. நான்கும் இருந்தால் அது வலிப்பு."

முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கனகலட்சுமி எழுந்து நுரையைத் துப்பிவிட்டு வணக்கம் சொன்னார். கைதட்டல் ஓய நேரமாயிற்று.

பிரெசில்லா எழுந்து, "விழாம வந்தா?" என்று கேட்டாள்.

"விழாமல் வருவதும் உண்டு" என்றார் டாக்டர் பூமிநாதன். அவருக்குத் தெரியாமல் இல்லை. மெல்லுவது, வெறிப்பது, பொத்தானைத் தடவுவது எல்லாவற்றையும் அவரே அழகாகச் சொன்னார். பிரெசில்லாவுக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்குள் வந்து பார்த்தது போலச் சொல்கிறாரே! "ஆனால் அதைக் கண்டுபிடிப்பது மிகவும் கடினம். பொதுமக்களால் முடியாது. முடியாத ஒன்றை உங்களிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை என்பதால் பாடத்திட்டத்தில் அதைச் சேர்க்கவில்லை."

"நான் கண்டுபிடிச்சிட்டேன் சார்."

"அதைத்தானம்மா சொல்கிறேன். நீங்கள் கண்டுபிடிக்கக்கூடியதாக இருந்தால், அது அதுவாக இருக்காது."

அன்று பஸ்ஸில் வரும்போது பிரெசில்லா தன் கண்ணைப் பற்றி யோசித்தாள். ஒருவேளை அவர் யோசிக்கத்தான் செய்கிறாரோ? பயந்தவள் கண்ணுக்கு எல்லாம் வலிப்பாகத் தெரிகிறதோ? வீட்டுக்குப் போனதும் கிளாட்சன் வலையோடு உட்கார்ந்திருந்தார், அசையாமல். அவள் கூப்பிடவில்லை. நின்று பார்த்தாள். வாய் மெல்ல ஆரம்பித்தது. அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. நான் பார்த்தது சரிதான் என்ற நிம்மதி. அடுத்த நொடியே, புருஷனுக்கு நோய் வந்ததில் நிம்மதிப்படுகிற பெண் என்ன பெண் என்று தன்மேல் அருவருப்பு வந்தது.

மையத்தின் இலவசத் தொலைபேசிக்குப் பேசினாள். "வலிப்பு இப்போது வந்துகொண்டிருந்தால், நோயாளி எண் ஒன்றை அழுத்தவும்" என்றது ஒரு இனிய குரல். அவள் எதையும் அழுத்தவில்லை. "அழைத்ததற்கு நன்றி. தாங்கள் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி" என்று சொல்லி வைத்துவிட்டது.

மறுபடி நேரில் போனபோது கனகலட்சுமி ஒரு வழி சொன்னார். அங்கீகரிக்கப்பட்ட சாட்சி சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள். சொந்தக்காரர்கள் சாட்சியாக முடியாது. பாசம் கண்ணை மறைக்கும். கூட வேலை பார்க்கிற வெளியாள் என்றால் நல்லது.

அப்படித்தான் சகாயவினோத் சாட்சியானான். பயிற்சியில் முதல் மதிப்பெண் வாங்கினான். கழுத்தில் அட்டை தொங்கியது. அதைப் போட்டுக்கொண்டு ஏலத்துக்கும் போனான்.

"கிளாட்சனுக்கு ஏதாவது வித்தியாசமாக வந்ததைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"பாத்திருக்கேன் சார். வாயை மெல்லும். தலைய வலப்பக்கம் திருப்பும்."

பிரெசில்லா டாக்டரின் பேனாவைப் பார்த்தாள்.

"அது நீவாடு பாக்குறது சார்."

டாக்டர் நாற்காலியில் நிமிர்ந்தார். "பாரம்பரிய அறிவு" என்றார் கனகலட்சுமியிடம், ரகசியமான மரியாதையோடு. "இதில் நாம் தலையிடக் கூடாது."

பிரெசில்லா வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தாள். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி சகாயவினோத் பக்கத்தில் வந்து நின்றான். "மதினி, ஒனக்கு என்ன கோவம்? அண்ணன் கடலுக்கு வரக்கூடாதுன்னா?"

"வரட்டும்டா. திரும்பி வரணும்ல?"

அவன் சிரித்தான். "அண்ணன் இருந்தா எங்கிட்டுப் போனாலும் வந்துருவோம்."

அடுத்த மாதம் மையம் 'வலிப்பில்லாக் கடற்கரை' விழா எடுத்தது. கிளாட்சன் அதில் முன்மாதிரி நோயாளி. மேடையில் தகுதிச் சான்று கொடுப்பார்கள். விடிந்தால் வீல் அவர் கையில். படகு ஆட்கள் எல்லோரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள்.

மண்டப வாசலில் எல்லோருடைய சாவியையும் வாங்கி மீன் கூடையில் போட்டார்கள். வலிப்பு வந்தவர் கையில் சாவி கொடுக்கும் மூடப்பழக்கத்தை ஒழிக்க, சாவியையே ஒழிப்பது என்று மையம் முடிவு செய்திருந்தது. வீட்டுச் சாவி, பைக் சாவி, அலமாரிச் சாவி எல்லாம் கூடையில் விழுந்தன. சிறப்பு விருந்தினரின் கார் சாவியும் போயிற்று. சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்று டாக்டர் பூமிநாதன் ஒலிபெருக்கியில் சொன்னார்.

பிறகு உரை நிகழ்த்தினார். "மையம் தொடங்கிய முதல் மாதம் நூற்றுக்கணக்கில் வலிப்புகள் வந்ததாகச் சொன்னார்கள். பயிற்சிக்குப் பிறகு அது பாதியானது. சாட்சி முறைக்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. மக்களுக்கு உண்மையிலேயே வலிப்பு நின்றுவிட்டதா என்று சிலர் கேட்கிறார்கள். அது உணர்தல் மற்றும் அறிவித்தலில் வராது. வேறு துறை."

குல்சும் பிரெசில்லாவின் காதருகில், "சுஹாவுக்கு நேத்தும் வந்துச்சு" என்றாள். "இந்தக் கூட்டத்துல சொன்னா அடிச்சுருவாக போல."

கிளாட்சனை அழைத்தார்கள். சான்றைக் கையில் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் ஒலிபெருக்கியைப் பிடித்து, "எல்லாருக்கும் வணக்கம். நான்..." என்றார்.

நின்றுவிட்டார்.

பிரெசில்லா எழுந்துவிட்டாள். மேடையில் அவர் கண் திறந்திருந்தது. வாய் மெல்ல ஆரம்பித்தது. கை பொத்தானைத் தேடியது. மெல்லும் சத்தத்தை ஒலிபெருக்கி மண்டபம் முழுவதற்கும் கொடுத்தது.

"நெகிழ்ந்துபோய்விட்டார்" என்றார் டாக்டர் பூமிநாதன், தழுதழுத்த குரலில். "வார்த்தைகளை மென்று விழுங்குகிறார். பாருங்கள், அவருடைய கை இதயத்தைத் தொடுகிறது."

"சார், அது வலிப்பு! வந்திருச்சு சார்!" பிரெசில்லா கத்தினாள்.

கனகலட்சுமி ஓடி வந்து அவள் தோளைப் பிடித்தார். "உக்காருங்கம்மா. விழலையே அவரு. அப்படியே வந்தாலும் நீங்க சாட்சி கிடையாது."

"இங்க இத்தன டாக்டரு இருக்காகளே மேடம்!"

"அவங்க விருந்தினரா வந்திருக்காங்கம்மா."

கிளாட்சனின் தலை மெதுவாக வலப்பக்கம் திரும்பியது. முன்வரிசையில் சகாயவினோத் கையை உயர்த்தி, "அண்ணன் பாத்திருச்சுலே!" என்றான். படகு ஆட்கள் அத்தனை பேரும் அதே பக்கம் திரும்பினார்கள். முன்வரிசை திரும்பியதால் பின்வரிசையும் திரும்பியது. மேடையில் இருந்த டாக்டர்களும் திரும்பினார்கள். அங்கே ஒரு தண்ணீர் கேன் இருந்தது. சிறப்பு விருந்தினர் கிளாட்சனின் பணிவைப் பாராட்டி, எழுந்து வந்து அவர் தோளில் பொன்னாடை போர்த்தினார். படம் எடுத்தார்கள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

கைதட்டலுக்கு நடுவில் கிளாட்சன் திரும்பி வந்தார். "...ரொம்பப் பேசத் தெரியாதவன்" என்று முடித்து, வணக்கம் சொல்லி இறங்கினார்.

கீழே வந்ததும் தோளில் இருந்ததைத் தொட்டுப் பார்த்தார். ஜரிகை போட்ட பச்சைப் பொன்னாடை. இழுத்துப் பார்த்தார்.

"ஏலே வினோத்து, இத யாருடா போட்டா?"

"கெஸ்டுதான்ணே. ஒன் கையப் புடிச்சுக் குலுக்கி, போட்டோ எடுத்தாகள்ல?"

"எப்ப?"

"இப்பத்தான். பேசிக்கிட்டே நின்னியே, அப்ப."

கிளாட்சன் பொன்னாடையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நேராகக் கனகலட்சுமியிடம் போனார். சாவிக் கூடையைச் சுற்றி ஒரே தள்ளுமுள்ளு. சிறப்பு விருந்தினரின் டிரைவர் கூடைக்குள் தலையை விட்டிருந்தார்.

"மேடம், மேடையில எனக்கு வலிப்பு வந்திருக்கு."

"உங்களுக்கு ஞாபகமிருக்கா ஐயா?"

"இல்ல மேடம். அதனாலதான் சொல்றேன்."

"ஞாபகமில்லைன்னா பூஜ்யம்தானே?"

"நானே சொல்றேன்ல மேடம். நோயாளியோட குரலு."

கனகலட்சுமி அன்பாகச் சிரித்தார். "நீங்க இப்ப நோயாளி இல்லையே ஐயா. சான்று கையில வாங்கின நிமிஷமே உங்கள விடுவிச்சாச்சு."

ராமேஸ்வரம் பஸ்ஸில் கூட்டம். படகு ஆட்கள் பின்னால் பாடிக்கொண்டு வந்தார்கள். கிளாட்சன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பஸ் பாம்பன் பாலத்தில் ஏறியதும், கீழே நிற்கிற படகுகளைப் பார்த்தபடி கேட்டார்.

"அது எப்படி இருக்கும்?"

"எது?"

"எனக்கு வருமே. நீ சொல்லிக்கிட்டே இருப்பியே."

பிரெசில்லா அவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, செய்து காட்டினாள். கண்ணை நிறுத்தினாள். முகத்தை விட்டுவிட்டாள். வாயை மென்றாள். கை தானாகச் சேலைத் தலைப்பைத் தேடியது. தலையை மெதுவாகத் திருப்பினாள். இத்தனை நாள் வெளியிலிருந்தே பார்த்தது. இப்போது வாசல்வரை போனது போல இருந்தது. அங்கே பயமாக ஒன்றுமில்லை, அமைதியாக இருந்தது. அவளைக் கூப்பிட ஆள் இருந்தார். அவர் போகும்போது அவள் கூப்பிடுகிற சத்தம்கூட அவருக்குக் கேட்பதில்லை.

"யாத்தே!" என்று எதிர் சீட்டு அம்மாள் கத்தினாள். "இந்தப் புள்ளைக்கு வலிப்புப்பா! வண்டிய நிப்பாட்டுங்க!"

பாலத்தின் நடுவில் பஸ் நின்றது. கண்டக்டர் ஆட்களை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார். பிரெசில்லா அதற்குள் திரும்பி வந்திருந்தாள். கிளாட்சன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மாவுக்கா வலிப்பு?" என்றார் கண்டக்டர்.

"அவளுக்கு இல்ல" என்றார் கிளாட்சன். சத்தமாகத்தான் சொன்னார். "எனக்கு."

பின்னால் பாட்டு நின்றது. சகாயவினோத் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தான். "என்னண்ணே சொல்ற? நாளைக்குக் கடலுக்குப் போக டோக்கன் போட்டாச்சே!"

"வீலை நீ புடி. நான் மதுரைக்குப் போறேன், வேற டாக்டரப் பாக்க."

"நீ இல்லாம எங்கிட்டுண்ணே திருப்புறது?"

"எந் தலையப் பாத்துத் திருப்பாம, தண்ணியப் பாத்துத் திருப்புலே."

கண்டக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிளாட்சனை மேலும் கீழும் பார்த்தார். "ஒங்களப் பாத்தா நல்லாத்தானே இருக்கீக?"

"பாத்தாத் தெரியாது" என்றார் கிளாட்சன். "இவகிட்டக் கேளுங்க."

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் பிரெசில்லாவின் பக்கம் திரும்பினார்கள். கண்டக்டர் டிக்கெட் மெஷினை அக்குளில் இடுக்கிக்கொண்டு குனிந்தார்.

"சொல்லுங்கம்மா, எப்படி வரும்?"

பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. பிரெசில்லா முதலிலிருந்து சொன்னாள்.